அக்னோனை வாசிக்கும் மாணவர்: தற்கால எபிரேயக் கல்வி பற்றிய ஒரு மதிப்பீடு

மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எபிரேயம் இருவேறு துறைகளில் கற்பிக்கப்படுகிறது. விவிலிய எபிரேயம் சமயவியலைச் சார்கிறது. தற்கால எபிரேயம் மேற்காசியவியலைச் சார்கிறது. நிருவாகத்திற்கு வசதியான இப்பகுப்பு இலக்கிய வாசிப்பிற்குத் துணைபுரிகிறதா என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா.

தற்கால எபிரேயத்தின் பயிற்றுமுறை, 1949இல் எருசலேமில் குடியேறிகளுக்காகத் தொடங்கப்பட்ட ‘உல்பான்’ வகுப்புகளுக்குப் பெரிதும் கடன்பட்டது. எபிரேயத்தை எபிரேயத்தின் வாயிலாகவே கற்பித்து, விரைவில் பேசவைப்பது அதன் நோக்கம். அதில் அம்முறை பெற்ற வெற்றியை நாம் மறுக்கவில்லை. ஆயினும், பேச்சுத்திறன் மட்டும் கைவரப்பெற்ற மாணவர், 1966இல் நோபல் பரிசு பெற்ற ஷ்முவேல் யோசெஃப் அக்னோனின் நூலைத் திறக்கையில் திகைத்துப்போகிறார். அக்னோனின் நடை ‘மிஷ்னா’ முதலிய யூதச் சமயச் சான்றோர் நூல்களின் மொழியைத் தழுவியது. கடைவீதி எபிரேயம் அதற்குப் போதாது.

‘தெமோல் ஷில்ஷோம்’ (1945) என்னும் அவரது நாவலின் தலைப்பே இதற்குச் சான்று. ‘நேற்று, முந்தாநாள்’ என்பது அதன் நேர்ப்பொருள். விவிலியத்திலோ அது ‘முன்னாளில்’ எனப் பொருள்படும் மரபுத்தொடர். இரண்டும் அறிந்தவர்க்கே அத்தலைப்பின் ஆழம் புலப்படும். நாவலின் நாயகன் இட்சாக் கூமெர் ஒரு தெருநாயின் முதுகில் ‘பைத்தியம் பிடித்த நாய்’ என எழுதிவிடுகிறான். வாசித்தவர்கள் அஞ்சி ஓடுகின்றனர். நாய்க்குக் காரணம் விளங்கவில்லை. இறுதியில் அது உண்மையாகவே வெறிகொண்டு, எழுதியவனையே கடிக்கிறது. தான் சுமக்கும் சொல்லை அறியாத அந்நாயின் நிலைக்கு நம் மாணவரை ஆளாக்கலாகாது.

பழமையறிவு மட்டுமே போதும் என்பதும் பொருந்தாது. தமிழ்த் ‘தோகை’யோடு கால்டுவெல் முதலியோர் தொடர்புறுத்திய விவிலியச் சொல் ‘துக்கி’, மயில் எனப் பொருள்கொள்ளப்பட்டு வந்தது; இன்றைய எபிரேயத்தில் அது கிளி. எசேக்கியேல் நூலில் ஒளிரும் பொருளொன்றைக் குறித்த ‘ஹஷ்மல்’ இன்று மின்சாரத்தைக் குறிக்கிறது. நறுமணத்தைச் சுட்டிய ‘நாற்றம்’ எதிர்ப்பொருள் கொண்டதை அறிந்த தமிழ் மாணவர்க்கு இது வியப்பன்று.

மூன்றாண்டுப் படிப்பில் இரண்டிற்கும் நேரமில்லை என்பர். அத்தடை உண்மையானதே. ஆனால் நாம் வேண்டுவது முழுப் பாடத்திட்ட மாற்றமன்று. இறுதியாண்டில் அக்னோனின் ஒரு சிறுகதையையேனும் இருதுறை ஆசிரியர்களும் ஒரே வகுப்பில் அமர்ந்து, சொல் சொல்லாக மாணவரோடு வாசித்தல் வேண்டும். மொழி ஒன்றே, பிரிந்திருப்பவை துறைகள்தாம்.