நேட்டால் கப்பல் பட்டியல்களும் பூர்வீக ஊர்த் தேடலும்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு, முதன்மையாகக் கரும்புத் தோட்ட வேலைக்காக, 1860 முதல் 1911 வரை 1,52,184 பேர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். ‘ட்ரூரோ’ என்ற முதல் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி, வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம் என்று பல விவரங்கள் பேரேட்டில் ஏறின. இந்தப் பட்டியல்கள் இன்று கணினித் தரவாக மாற்றப்பட்டு, குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் வழியாகப் பலருக்கும் எட்டியுள்ளன. டர்பனில் வாழும் ஐந்தாம் தலைமுறைத் தமிழ்க் குடும்பம் தன் பூர்வீக ஊரைத் தேடத் தொடங்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

இந்தப் பதிவுகளின் அருமையைத் தமிழ்நாட்டு நிலைமையோடு ஒப்பிட்டால்தான் உணர முடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னை மாகாணத்தில் அரசுக் காகிதத்தில் பெயர் ஏற வேண்டுமானால் பட்டா இருக்க வேண்டும், இனாம் இருக்க வேண்டும், அல்லது வழக்கு இருக்க வேண்டும். நிலமற்ற பண்ணையாளும் அவர் மனைவியும் பிறந்து, உழைத்து, இறந்ததற்குத் தனித்தனியே எழுத்துச் சான்று கிடைப்பது மிக அரிது. அதே சேரியிலிருந்து கப்பலேறியவருக்கோ தந்தை பெயரோடும் ஊர்ப் பெயரோடும் ஒரு வரி இருக்கிறது. கூலியாட்களைக் கண்காணிக்கவும், தப்பியோடினால் பிடிக்கவும் எழுதப்பட்ட பேரேடுதான் அது. ஆயினும் எளிய மக்களைப் பெயர் சொல்லிக் குறித்த பதிவு இவ்வளவு விரிவாகத் தமிழர் வரலாற்றில் அகப்படுவது மிக அரிது. அந்த வரியை வீட்டிலிருந்தே காண முடிவது பெரும் பேறு.

குறைகள் பெயரிலேயே தொடங்குகின்றன. வம்சாவளித் தளங்களின் தேடல் படிவம் குடும்பப் பெயரைக் கேட்கிறது. கப்பலேறிய தமிழருக்கு அப்படி ஒன்று கிடையாது. தந்தை பெயரும் தன் பெயரும்தான். நேட்டாலில் பிறந்த பலருக்குத் தந்தை அல்லது தாத்தாவின் தனிப்பெயரே குடும்பப் பெயராக நிலைத்தது. வேறு சிலர் சாதிப் பட்டங்களைக் குடும்பப் பெயராக ஏற்றனர். கவுண்டர் ‘கவெண்டர்’ ஆயிற்று, முதலியார் ‘மூட்லி’ ஆயிற்று. குடும்பம் இன்று தாங்கும் பட்டத்துக்கும் கப்பல் பட்டியலின் சாதிக் கட்டத்துக்கும் பொருத்தமில்லாமல் இருப்பதும் உண்டு. கடல் கடந்தபின் தன் அடையாளத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் வாய்ப்பைச் சிலர் பயன்படுத்திக்கொண்டார்கள். ஆகவே இன்றைய குடும்பப் பெயரை 1880-ஆம் ஆண்டுப் பட்டியலில் தேடுபவர், ஒன்றும் கிடைக்காமல் திரும்புவார், அல்லது யாரோ ஒருவரைத் தன் பாட்டனாக எடுத்துக்கொள்வார்.

எழுத்துக்கூட்டல் அடுத்த தடை. சென்னையில் கப்பலேறுவோரைத் தங்கவைத்த டிப்போவில் தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தா, முனுசாமியை ஒரு கப்பலில் ஒரு விதமாகவும் அடுத்த கப்பலில் வேறு விதமாகவும் எழுதினார். ஒலியை வைத்துத் தேடும் வசதி இதற்கு உதவும் என்று தோன்றும். ஆனால் அதன் மூல முறையான ‘சவுண்டெக்ஸ்’ 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அங்குள்ள பெயர்களை மனத்தில் வைத்து ஆக்கப்பட்டது. முதல் எழுத்தை அது மாற்றாமல் வைத்துக்கொள்ளும். கோபால் என்ற ஒரே பெயர் ஒரு பேரேட்டில் ஓர் ஆங்கில எழுத்திலும் இன்னொன்றில் வேறெழுத்திலும் தொடங்கினால், அந்த முறைக்கு அவை வெவ்வேறு பெயர்கள்.

ஊர்ப் பெயருக்கும் இதே கதிதான். அதன் மேல் எல்லை மாற்றங்களும் சேர்ந்துகொள்கின்றன. பட்டியலில் ‘வட ஆற்காடு’ என்று கண்டவர் வேலூரில் மட்டும் தேடினால் போதாது. அந்த மாவட்டத்தின் ஒரு பகுதி 1911-இல் சித்தூர் மாவட்டமாகிப் பின்னர் ஆந்திராவுக்குப் போனது. மிச்சமிருந்தது 1989-இல் இரண்டாகி, 2019-இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மேலும் பிரிந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு 1960-இல் ஆந்திராவுக்கும், சித்தூரில் இருந்த திருத்தணி சென்னை மாநிலத்துக்கும் மாறின. ஒரே பெயரில் நான்கைந்து புத்தூர்களும் பாளையங்களும் உள்ள நாட்டில், வட்டத்தின் பெயரைக் கவனிக்காமல் இணைய வரைபடத்தில் முதலில் தென்படும் ஊரைப் பூர்வீகம் என்று கொள்வது மிகப் பரவலாக நிகழும் பிழை. சாதிக் கட்டமும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டியது. ஆரம்பகாலப் பட்டியல்களில் ‘மலபார்’ என்று காணப்படுவது கேரளத்தவரைக் குறிப்பதாகாது. அக்கால ஆங்கில வழக்கில் தமிழரை அப்படித்தான் எழுதினார்கள்.

இந்தத் தேடலின் உண்மையான பலவீனம், தேடல் முடிவு ஒற்றை வரியாக வந்து நிற்பதில் இருக்கிறது. ஒரே ஊரிலிருந்து ஆள்சேர்க்கப்பட்ட சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில் பதிவானார்கள். 24 வயது ஆணின் வரிக்கு அடுத்து அவர் மனைவி, அடுத்து கைக்குழந்தை, அதற்கடுத்து அதே ஊர்ப் பெயரோடு, அதே தந்தை பெயரோடு 18 வயது இளைஞர் ஒருவர். பக்கத்தை முழுதாகப் பார்ப்பவருக்கு அண்ணனும் தம்பியும் தெரிவார்கள். பெயரை மட்டும் தட்டிப் பார்ப்பவருக்கு ஒரு முனுசாமிதான் கிடைப்பார். படியெடுத்தவர் ஓர் எழுத்தைத் தவறாக வாசித்திருந்தால் அதுவும் தெரியாமல் போகும். மூலப் பக்கத்தின் படத்தைக் காணாத எந்த முடிவும் அரைச் சான்றுதான்.

பெயரைவிட நம்பத்தக்கது எண். கப்பலிலிருந்து இறங்கியபோது தரப்பட்ட குடியேற்ற எண் அந்த மனிதரை விடவில்லை. திருமணப் பதிவு, தோட்ட மாற்றம், குடியேறிய இந்தியர்களுக்கான பாதுகாவலர் அலுவலகத்துக்குக் கொடுத்த புகார், இறப்புச் சான்று என்று பல காகிதங்களில் அது தொடர்ந்து வந்தது. பிள்ளைகளின் காகிதங்களிலும் தாய் தந்தையரின் எண் குறிக்கப்பட்டது. அலமாரியில் கிடக்கும் பழைய திருமணச் சான்றிலிருந்து எண்ணை எடுத்துக்கொண்டு கப்பல் பட்டியலுக்குப் போவதுதான் சரியான வழி. ‘ஃபேமிலிசர்ச்’ தளத்தில் நேட்டாலின் திருமண, இறப்புப் பதிவுகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் கோப்பின் தலைப்பு, எண் போன்ற குறிப்புகள் மட்டுமே கிடைக்கும். கோப்பைப் படிக்கப் பெரும்பாலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ டர்பனிலோ உள்ள காப்பகத்துக்குப் போக வேண்டியிருக்கும். அட்டவணையில் இல்லை என்பதால் ஆவணமே இல்லை என்று முடிவுகட்டுவோர் பலர். இறந்தவரின் சொத்துக் கோப்பில் வாரிசுகளின் பெயர்கள் பெரும்பாலும் இருக்கும் என்பதால், காப்பகப் பயணம் வீண்போகாது.

பொது வம்சாவளி மரங்கள் வேறு வகை. ‘ஃபேமிலிசர்ச்’ மரம் எல்லோரும் சேர்ந்து திருத்தும் ஒற்றைப் பொது மரம். ‘ஆன்செஸ்ட்ரி’ போன்றவற்றில் ஒருவர் மரத்திலிருந்து இன்னொருவர் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். பிரிந்துபோன கிளைகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க இவை உதவுவதை மறுக்க முடியாது. ஆனால் ஒருவர் செய்த ஊகம் பத்து மரங்களில் படியும்போது பத்துச் சான்றுகளாகத் தோற்றமளிக்கிறது. எந்தக் கப்பல், எந்த எண் என்று காட்டாத மரத்தைத் துப்பாகக் கொள்ளலாம், ஆதாரமாகக் கொள்ளலாகாது.

ஊர் இன்னதென்று உறுதியான பிறகு இணையம் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. தமிழ்நாட்டு அரசின் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று தளங்கள் இன்றைய நில உரிமைக்கானவை. 1890-இல் நிலமில்லாமல் போனவரைப் பற்றி அவை எதுவும் சொல்லா. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய்த் துறைக் கோப்புகள் உண்டு. அவற்றிலும் பண்ணையாளின் பெயர் அபூர்வம். அங்கே துணை நிற்பது குலதெய்வம். நேட்டால் குடும்பங்கள் பலவற்றில் ஊர்ப் பெயர் மறந்திருந்தாலும் தெய்வத்தின் பெயர் மறக்கவில்லை. பட்டியல் காட்டும் ஊருக்கு அருகில் அந்தத் தெய்வத்துக்குக் கோயிலும், அதற்குக் கோயில் வரி கொடுக்கும் பங்காளிகளும் இருந்தால் காகிதத்துக்கு இரண்டாவது சாட்சி கிடைத்துவிடுகிறது. மாரியம்மன் போல எங்கும் உள்ள தெய்வமானால் அந்தச் சாட்சிக்கு வலு குறைவு.

இந்த முறை முழுவதும் ஒப்பந்தக் கூலி முறை நடந்த நாடுகளுக்கே பொருந்தும். மொரீஷியஸ் பதிவுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. பலருடைய புகைப்படம்கூட அங்கே உண்டு. ஃபிஜிக்குப் போனவர்களின் குடியேற்றச் சீட்டுகளும் ஆளுக்கொன்றாகப் பாதுகாக்கப்பட்டுள்ளன. இலங்கை மலையகத்துக்கும் மலாயாவுக்கும் போன, எண்ணிக்கையில் இன்னும் பெரிய கூட்டத்துக்கோ இத்தகைய பதிவுகள் இல்லை. அங்கே ஆள் சேர்த்தவர் பெரும்பாலும் கங்காணி எனும் கூலி மேற்பார்வையாளர். கணக்கும் கடனும் அவர் கையில் இருந்தன. நேட்டாலைப் போல ஊரும் தந்தை பெயரும் கொண்ட கப்பல் பேரேடு அவர்களுக்கு உருவாகவில்லை. மலையகத் தமிழருக்கு எழுத்துச் சான்று பெருமளவில் சேர்ந்தது, 1948-க்குப் பின் குடியுரிமைக்காக விண்ணப்பித்தபோதும், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோதும்தான். பூர்வீக ஊரையும் தாய் தந்தையர் பெயரையும் சுமந்த அந்தக் காகிதங்களில் பல இன்றும் நீலகிரியிலும் நுவரெலியாவிலும் வீட்டுப் பெட்டிகளுக்குள்தான் இருக்கின்றன. இணையத்தில் தேடுபவர் கண்ணில் அவை படுவதில்லை.