நீர்க்காகமும் நிழற்படமும்

பறவைகளைப் படம் பிடிப்போர் பெருகியுள்ள காலம் இது. நாட்காட்டிகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் வகுப்பறைச் சுவர்களிலும் அவர்கள் எடுத்த படங்கள் இடம்பெறுகின்றன. படத்தைப் பார்த்துக் கட்டுரை எழுதும் பயிற்சிக்கும் அவையே கருவியாகின்றன. ஆகவே, ஒரு பறவைப் படத்தை நல்ல படம் என்று கொள்வதற்கு எது அளவுகோல் என்னும் வினாவைத் தமிழாசிரியர்க்குத் தொடர்பற்றது என்று ஒதுக்கிவிட இயலாது. அவ்வினாவை எழுப்பிப் பார்க்கச் சிறிய நீர்க்காகம் மிகப் பொருத்தமான பறவை.

இந்தியத் துணைக்கண்டம், இலங்கை தொடங்கித் தென்கிழக்காசியாவில் சாவகம் வரை பரவி வாழும் இப்பறவை ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் நீளமுடையது, அண்டங்காக்கையின் அளவினது. அலகு குட்டையானது, வால் நீண்டது. இனப்பெருக்கக் காலத்தில் உடல் பளபளக்கும் கறுப்பாக மாறும்; தலையின் பக்கங்களில் மெல்லிய வெண்தூவிகள் தோன்றும். பிற காலங்களில் கறுப்பு மங்கிப் பழுப்புக் கலக்கும், தொண்டை வெளுக்கும். செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியில் நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் இது கூட்டமாகக் கூடு கட்டுகிறது. ஆயினும் அங்கே செல்வோரின் கருவிகள் நாரைகளையும் கூழைக்கடாவையுமே நாடுகின்றன. வெண்மையே எழில் என்று அன்னத்தைப் பாடிப் பழகிய கண்களுக்குக் கரிய பறவை எளிதில் புலப்படுவதில்லை போலும்.

நீர்க்காகத்தைப் படம் பிடிப்போரும் பெரும்பாலும் ஒரே காட்சியைத்தான் பிடிக்கின்றனர். நீரோரத்துக் கட்டையிலோ பாறையிலோ பறவை இரு சிறகுகளையும் விரித்து நிற்கும். பின்னே மாலைக் கதிரவன். பறவை வெறும் நிழலுருவாகத் தெரியும். படத்தின் கீழே 'தவம்' என்றோ 'வேண்டுதல்' என்றோ ஒரு தலைப்பு. காண்போர் வியக்கின்றனர். அவ்வியப்பு பறவையைக் கண்டதால் விளைந்ததா, தலைப்பைப் படித்ததால் விளைந்ததா என்பது ஆராயத்தக்கது. அப்படத்தில் கண் இல்லை. அலகின் வடிவம் தெளிவில்லை. சிறிய நீர்க்காகமா, நீண்டு மெலிந்த அலகும் நீலப்பச்சைக் கண்ணும் உடைய கொண்டை நீர்க்காகமா என்று பிரித்தறியவும் வழியில்லை. பறவை அங்கே ஒரு சின்னமாகிவிட்டது. சின்னமாவதற்குப் பறவை தேவையில்லை. அட்டையை வெட்டி நிறுத்தினாலும் போதும்.

பறவை சிறகை விரிப்பதற்குக் காரணம் உண்டு. நீர்க்காகம் நீருள் மூழ்கி மீனைத் துரத்திப் பிடிப்பது. நான்கு விரல்களையும் இணைக்கும் சவ்வுடைய கால்கள் அதற்குத் துடுப்பாகின்றன. வாத்தின் இறகைப் போல நீரை முற்றிலும் ஒட்டவிடாத இறகு இருப்பின், உடல் மிதந்து மேலெழும்; மூழ்குதல் அரிதாகும். நீர்க்காக இனங்களின் இறகில் வெளிப்பகுதி நனையும். உடலையொட்டிய உட்பகுதி நனையாது காக்கும். நனைவதால் மூழ்குதல் எளிதாகிறது. நனைந்ததை உலர்த்துவதற்காகவே கரையேறிச் சிறகு விரிக்கிறது. பசியோடும் உழைப்போடும் பிணைந்த இச்செயலைத் தவம் என்று சொன்ன அளவிலேயே, பறவையின் வாழ்வு முழுவதும் மறைக்கப்படுகிறது.

இவ்விடத்தில் தமிழ் மரபு கூறுவது நோக்கற்பாலது. உள்ளுறை உவமத்திற்குக் கருப்பொருளை நிலைக்களனாக வகுத்த தொல்காப்பியர், கருப்பொருள்களுள் தெய்வத்தை மட்டும் விலக்கினார். புள்ளும் விலங்கும் மரமும் தத்தம் இயல்பில் நின்றே பிறிதொரு பொருளை உணர்த்த வேண்டும் என்பது அதனால் பெறப்படும். ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய சிறுவெண்காக்கைப் பத்தைக் காண்க. அது நீர்க்காகமன்று, வேறொரு நெய்தற் பறவை. கழியில் இரை தேடுவதும் மரத்தில் தங்குவதுமான அதன் வாழ்வு முதலில் நம்பத்தக்கதாக நிற்கிறது. அதன் பின்னரே தலைவியின் துயரம் அதனோடு சேர்கிறது. பறவையின் மேல் துறவியின் ஆடையைப் போர்த்தும் வேலையை அப்புலவர் செய்யவில்லை. இக்காலத் தலைப்புகளோ பறவையைப் பார்ப்பதற்கு முன்னரே பொருளை முடிவு செய்துவிடுகின்றன.

நிழலுருவப் படம் எல்லாமே குறையுடையது என்பது கருத்தன்று. உருவத்தின் வரைகோடு ஒன்றே போதுமான இடங்களும் உண்டு. கலைஞனுக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் நீர்க்காகத்தைப் பொறுத்தவரை அது பல வேளைகளில் உரிமையாக இராமல் இடரிலிருந்து தப்பும் வழியாகவே இருக்கிறது. கரிய பறவையைப் படம் பிடித்தல் உண்மையில் கடினம். ஒளிமானி தன் எதிரே உள்ளதை இடைப்பட்ட சாம்பல் நிறமாகக் கொண்டே கணக்கிடும். பறவை படத்தை நிறைத்திருந்தால் அது மிகுதியான ஒளியை ஏற்று, கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். சுற்றிலும் வெயிலில் மின்னும் நீர் இருப்பின், ஒளியைக் குறைத்துப் பறவையைக் கரிக்கட்டையாக்கிவிடும். இரண்டுக்கும் இடையே சரியான அளவைக் கருவி தானே தாராது. கண்ணால் கண்டு கணிக்க வேண்டும். இளங்காலையில் கதிரவனை முதுகுக்குப் பின்னே வைத்து, நீர்மட்டத்திற்குத் தாழ்ந்து, பறவையின் கண்ணுக்கு நேராகக் கருவியை வைக்கும் ஒருவனுக்கே கறுப்பினுள் ஒளிந்திருக்கும் பச்சை நீலச் சாயலும், தோளிறகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அழகும் தெரிய வரும்.

நிறமே வேண்டும் என்பதுமில்லை. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவைத் தமிழ் பயில்வோர் அறிவர். அவர்தம் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) இயற்கையியல் எழுத்தாளராகவும் படக்கலைஞராகவும் விளங்கியதை அறிந்தோர் சிலரே. அவர் பல உறுப்புகளை ஒன்றிணைத்துத் தாமே அமைத்த கருவிக்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தார். ஓவியமும் அவருக்குக் கைவந்தது. உயிரினத்தின் நடத்தையை அறிந்த கையில் கறுப்பு வெள்ளையே போதியதாயிற்று.

அவ்வாறு அறிந்தவன் நீரோரத்தில் எதற்குக் காத்திருப்பான்? சிறகு விரிக்கும் காட்சி எப்போதும் கிடைப்பது. அதற்கு முந்திய கணங்களே அரியவை. உடல் நீருள் அமிழ்ந்திருக்கக் கழுத்து மட்டும் பாம்புபோல் மேலே தெரியும் கணம். பிடித்த மீனை மேலே கொணர்ந்து, தலைப்பக்கம் முதலில் இறங்குமாறு அலகில் திருப்பும் கணம். நனைந்த உடலோடு சேற்றில் கால் ஊன்றி, இறகு உடலோடு ஒட்டிக் கிடக்க, முன்னிலும் சிறியதாய் அது தோன்றும் கணம். மூன்றாவதில் எழில் குறைவு. வாழ்த்து அட்டைக்கு அது ஆகாது. ஆயினும் விரித்த சிறகுக்குப் பொருள் தருவது அந்த ஈரமே.

காத்திருக்க மாட்டாதார் கூடுகளை நெருங்குகின்றனர். அஞ்சிய தாய்ப்பறவை எழுந்துவிட்டால் முட்டைகள் வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகும். வேடந்தாங்கல் ஊரார் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்ததும், அவற்றின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாவதை அறிந்ததும் இணைந்தவை. உழவர் காட்டிய அப்பொறுப்பைப் படக்கலைஞரும் காட்டத் தவறின், அவர்தம் படம் எத்துணை எழிலுடையதாயினும் குறையுடையதே.

வகுப்பறைக்குப் படம் தெரிந்தெடுக்கும் ஆசிரியர் இருவகைப் படங்களையும் ஒருங்கே வைத்துப் பார்க்கலாம். கதிரவன் முன் சிறகு விரித்த நிழலுருவைப் பார்த்த மாணவன், "பறவை இறைவனை வணங்குகிறது" என்று ஒரு வரி எழுதுவான். அடுத்த வரிக்குச் சொல் தேடுவான். சேற்றில் நிற்கும் நனைந்த பறவையைப் பார்த்தவன், அது எங்கிருந்து வந்தது, ஏன் நனைந்தது, அலகில் மீன் ஏன் இல்லை என்று கேட்கத் தொடங்குவான்.