கடாரமும் தொடர்கதையும்

அமெரிக்க மேற்கு எல்லைப்புறம் பற்றிய கற்பனையை உருவாக்கியதில் வரலாற்று நூல்களைவிடக் கேளிக்கைக்கே பங்கு மிகுதி. 1883இல் ‘பஃபலோ பில்’ தொடங்கிய குதிரைவீரர் காட்சிகளில், நிலத்தை இழந்த பூர்வகுடியினர் தாக்குவோராகவும், அதைக் கைக்கொண்டவர் தற்காத்துக்கொள்வோராகவும் தோன்றினர். தமிழர்க்கும் அத்தகைய எல்லைப்புறம் ஒன்று உண்டு. அது கெடாவோடு அடையாளம் காணப்படும் கடாரம்.

இராசேந்திர சோழனை மையமாகக் கொண்ட அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ கல்கியிலும், சாண்டில்யனின் ‘கடல் புறா’ குமுதத்திலும் தொடராக வெளிவந்தன. முன்னது 1963ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றது. வாரந்தோறும் ஆவலைத் தூண்டி நிறுத்தவேண்டிய கதைக்குப் போரும் சூழ்ச்சியும் காதலும் தேவை. தானச் சாசனம் தேவையில்லை. எனவே 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பே கடாரத்தின் முழு வரலாறு என்ற எண்ணம் வேரூன்றியது. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், கடாரத்து அரச மரபினர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்ததை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. படையெடுப்பிற்குப் பின்னரும், 1090இல், குலோத்துங்கன் கடாரத்து அரசனின் வேண்டுகோளை ஏற்று விகாரத்தின் உரிமைகளை உறுதிசெய்தான். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ இவ்விகாரத்தைக் காட்டுகிறது. ஆனால் அங்கும் அது பெரிதும் நாயகன் நோய்நீங்கித் தங்கும் புகலிடமே.

கெடாத் தோட்டங்களில் இக்கதைகளை விரும்பிப் படித்தோரைப் பழிப்பதற்கில்லை. ‘கூலி’ என்று அழைக்கப்பட்டவருக்குக் கப்பற்படையோடு வந்த முன்னோர் தேவைப்பட்டதில் வியப்பென்ன? ஆயினும் அப்பெருமிதத்திற்கு விலை உண்டு. படையெடுத்தவர் வழியினர் என்று பேசத் தொடங்கியபோது, காடழித்து இரப்பர் நட்டவர் என்னும் வலுவான உரிமை பின்தள்ளப்பட்டது. மெர்போக்கிலுள்ள புக்கிட் பத்து பகாட் சண்டியைச் சோழர் கட்டிய கோயில் எனத் தயங்காது கூறுவோர் உளர். அதற்குக் கல்வெட்டுச் சான்று இல்லை. அதே மாநிலத்துப் பீடோங்கில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் தோட்டத் தொழிலாளர் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடைகளின்முன் மறியல் செய்ததும், 1947இல் காவல்துறையின் அடக்குமுறைக்கு ஆளானதும் அவர்களுக்கு நினைவில்லை. தலைவன், அணிவகுப்பு, மோதல், உயிரிழப்பு எனத் தொடர்கதைக்கு வேண்டிய யாவும் இதில் உண்டு. இல்லாதது அரண்மனை மட்டுமே.

கெடாவைச் சேர்ந்த சீ. முத்துசாமி தம் தோட்டப்புற நாவலுக்கு ‘மண்புழுக்கள்’ எனப் பெயரிட்டார். வேங்கையின் பெயரால் கடாரத்தைக் கற்ற வாசகனை இத்தலைப்பே இடறச்செய்யும். தன்னிரக்கம் என்று சிலர் இதனைக் கொள்ளக்கூடும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. மண்புழு எங்கிருந்தோ படையெடுத்து வருவதன்று, அந்த மண்ணிலேயே உழைப்பது.