வம்பர் மகாசபையும் வாசகர்களும்

இப்போது ஜனங்கள் என்ன படிக்கிறார்கள் என்று யாராவது கேட்டால், சென்னைப் புத்தகக் கண்காட்சியில் எது அதிகம் விற்றது என்று விசாரித்துப் பதில் சொல்லிவிடுகிறோம். விற்பது வேறு, படிப்பது வேறு. படித்துவிட்டு ஓர் அபிப்பிராயம் கொள்வது இரண்டுக்கும் வேறு. எனக்குக் கவலையெல்லாம் இந்த மூன்றாவது காரியத்தைப் பற்றித்தான்.

பழனிப் பக்கம் தொப்பம்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்காகப் போனவன், உறவினர் வீட்டில் ஒரு வாரம் தங்கும்படி ஆகிவிட்டது. கதை எழுதுகிறவன் வந்திருக்கிறான் என்று தெரிந்ததும், சாயங்காலங்களில் திண்ணைக்கு நாலைந்து பேர் வரத் தொடங்கினார்கள். எல்லோரிடமும் நான் கேட்டது ஒரே கேள்விதான். "இப்போது என்ன படிக்கிறீர்கள்? அது எப்படி இருக்கிறது?" முதல் பாதிக்கு உடனே பதில் வந்தது. இரண்டாம் பாதிக்கு, "நல்லா இருக்குங்க" என்பதோடு சரி. "எந்த இடம் நன்றாக இருக்கிறது?" என்று கேட்ட பிறகுதான் பேச்சு வளர்ந்தது.

கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் முடித்திருந்தான். 2022-லும் 2023-லும் வந்த மணிரத்னத்தின் இரண்டு சினிமாக்களைப் பார்த்த பிறகு படித்தானாம். கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய தொடர்கதை அது. "நல்லா இருக்கு" என்றவனை, எந்த இடம் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னான். "ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாருங்கிறதைக் கல்கி தீர்மானமாச் சொல்லவே இல்லை சார். உடையார்குடிக் கல்வெட்டிலே ரவிதாசன் முதலானவங்க பேர் இருக்கு. கதையிலே அந்த ரவிதாசனும் சதிகாரனா வர்றான். அப்படியும் குத்தின கை எதுன்னு அவர் நமக்குக் காட்டலை. அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. கல்கி வாசகனுக்கு எதையும் மிச்சம் வைக்கமாட்டார், எல்லாவற்றையும் ஊட்டிவிடுவார் என்று இருபது வருஷமாக மேடைகளில் சொல்லிவருகிறவன் நான். உண்மையைச் சொல்கிறேன்: முதல் பாகத்துக்கு மேல் நான் படித்ததில்லை. மற்றவர்கள் சொல்லக் கேட்டதைத்தான் என் சொந்த அபிப்பிராயமாகச் சொல்லிவந்தேன். கதையின் முக்கியமான முடிச்சையே அவிழ்க்காமல் விட்டவரைப் போய் ஊட்டிவிடுகிறவர் என்று சொல்லியிருக்கிறேன். கல்கியைப் பற்றி எனக்கு இன்னும் குறைகள் உண்டு. ஆனால் இந்தக் குறையை இனிச் சொல்லமாட்டேன்.

மறுநாள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' பேச்சில் வந்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அதைப் படிக்க வேறு வேண்டுமாக்கும்! என்ன எழுதியிருக்கிறான் என்றுதான் ஊரெல்லாம் தெரியுமே."

ஊருக்கு என்ன தெரியும் என்பதுதான் கேள்வி. நாவல் 2010-ல் வந்தது. நாலு வருஷம் வரை அதைப் படிக்கிறவர்கள் படித்துவந்தார்கள். 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் திடீரென்று எதிர்ப்புக் கிளம்பிற்று, பிரதிகளைக் கொளுத்தினார்கள். 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்துவிட்டு ஒதுங்கினார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிடிக்காத புத்தகத்தை மூடி வைத்துவிடலாம், எழுதுகிறவன் எழுதட்டும் என்பது அதன் சாரம். ஓர் எழுத்தாளன் எழுதலாமா கூடாதா என்பதை நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது நமக்குப் பெருமையான விஷயமல்ல. அந்தப் புத்தகத்தை எதிர்த்தவர்களில் எத்தனை பேர் அதை முழுக்கப் படித்திருப்பார்கள்?

இதே திண்டுக்கல் சீமையில் இருக்கிறது வத்தலகுண்டு. அந்த ஊரில் பிறந்த ராஜமய்யர் 1893-ல் 'விவேக சிந்தாமணி'யில் 'கமலாம்பாள் சரித்திர'த்தைத் தொடங்கினார். 1898-ல், இருபத்தாறு வயதில் காலமாகிவிட்டார். தமிழ் நாவல் நடைபழகிய அந்தக் காலத்திலேயே அவர் 'வம்பர் மகாசபை' என்ற ஒன்றைப் படைத்துவிட்டார். ஊர்ப் பெண்கள் கூடி, பார்க்காததைப் பார்த்ததாகவும் கேட்காததைக் கேட்டதாகவும் பேசித் தீர்மானம் செய்கிற சபை அது. சிரித்துக்கொண்டேதான் படிக்கிறோம். ஆனால் ஊர்வம்பு கமலாம்பாளின் குடும்பத்தை என்ன பாடு படுத்துகிறது என்று பார்க்கும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. பெண்களை மட்டும் அந்தச் சபையில் உட்கார்த்தியது ராஜமய்யர் காட்டிய ஓரவஞ்சனை. புத்தகங்களைப் பற்றிய வம்பர் மகாசபையில் ஆண்கள்தான் அதிகம். நானும் ஓர் ஆயுள் அங்கத்தினன்.

'மாதொருபாக'னின் கதையும் இதுவேதான். காளியும் பொன்னாவும் ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருக்கிறார்கள். குழந்தை இல்லை, அதற்காக ஊர்வாய் அவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. ஊர்வாயைப் பற்றி எழுதிய புத்தகமே கடைசியில் ஊர்வாயில் விழுந்தது.

என்னிடம் இருந்த பிரதியை ஆசிரியரிடம் கொடுத்தேன். மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தார். "இப்பவும் எனக்குப் பிடிக்கவில்லை" என்றார். "காளி சம்மதித்துவிட்டான் என்று பொய் சொல்லித்தானே அவளைத் திருவிழாவுக்கு அழைத்துப்போகிறார்கள்? கூடப் பிறந்த அண்ணனே அப்படிச் சொல்வானா? அந்த இடத்தை என்னால் நம்ப முடியவில்லை." தங்கையின் வாழ்வு மலரவேண்டும் என்ற ஆசையில் ஓர் அண்ணன் அதைச் சொல்லக்கூடும் என்பது என் கட்சி. இரவு பத்து மணி வரை வாதாடினோம். ஒருவரை ஒருவர் மாற்ற முடியவில்லை. ஆனால் அவர் கோபம் இப்போது எழுத்தாளன் மேல் இல்லை. ஒரு பாத்திரத்தின் மேல் இருந்தது. இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல.

கிளம்புவதற்கு முந்தின நாள் வயதான விவசாயி ஒருவர் வந்தார். ஆயுள் முழுவதும் மாட்டோடு பழகியவர். 2017-ல் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகப் பிள்ளைகள் உட்கார்ந்தார்களே, அதன்பிறகு பேரன் வாங்கிவந்த சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' ஒன்றுதான் அவர் படித்த நாவல். நூறு பக்கத்துக்குள் அடங்குகிற கதை. தகப்பனைக் கொன்ற காரிக்காளையைப் பிச்சி அடக்குகிறான். ஜமீன்தார் அந்தக் காளையைச் சுட்டுவிடுகிறார்.

"மாடு பிடிபட்டாப் பிடிபட்டதுதானுங்களே, அது விளையாட்டுங்க" என்றார் பெரியவர். "வெறி புடிச்சு ஓடுது, அதனால சுட்டாருன்னு சொல்லலாம். அது சாக்குங்க. மாட்டுக்கு ஏதுங்க ரோஷம்? தோத்தது மாடு இல்லீங்க, ஜமீன்தாரு. அவரு தோத்ததுக்கு அது செத்துப்போச்சுங்க."

செல்லப்பாவும் வத்தலகுண்டில் வளர்ந்தவர்தான். விமரிசனம் என்றால் படைப்பை அலசிப் பார்த்துச் சொல்லவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, 1959 முதல் 1970 வரை 'எழுத்து' பத்திரிகையை நடத்தி நஷ்டப்பட்டவர். புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். அந்தத் திண்ணையில் அவர் உட்கார்ந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அவர் கேட்ட விமரிசனத்தை, விமரிசனம் என்ற வார்த்தையே தெரியாத ஒருவர் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

நம்மிடம் வாசகர்கள் குறைந்துவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த இடம் என்று அவர்களைக் கேட்பவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். அடுத்த தடவை யாராவது ஒரு புத்தகத்தைப் புகழ்ந்தாலும் திட்டினாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். படித்தவர் ஏதாவது ஓர் இடத்தைச் சொல்வார். படிக்காதவர் பேச்சை மாற்றுவார். நான் ஊர் திரும்பியதும் 'பொன்னியின் செல்வ'னின் இரண்டாம் பாகத்தைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.