அக்காவின் நாரியும் சென்னை ஆஸ்பத்திரியும்

“உங்க ஊர்ல இந்த ஆபரேஷனெல்லாம் பண்றதில்லையாம்மா?”

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை. முற்பணம் கட்டும் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண்மணி கேட்டார். நக்கலாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பரிதாபப்பட்டுக் கேட்டார், அதுதான் சுட்டது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இடுப்பு மூட்டு மாற்றுகிறார்கள் என்றேன். அக்காவின் மகன் கனடாவில் இருந்துகொண்டு, சென்னையில்தான் செய்யவேண்டும் என்று பிடிவாதமாக நின்றதால் வந்தோம் என்பதை அவரிடம் எதற்குச் சொல்ல?

திருகோணமலையில் அக்காவுக்கு இருந்தது ‘நாரி நோ’. சென்னையில் அது ‘ஹிப் பெயின்’ ஆயிற்று. சத்திரசிகிச்சை ‘சர்ஜரி’ ஆனது, மூலை மடங்கிய கிளினிக் கொப்பி பளபளப்பான ஃபைல் ஆனது. துணைக்குப் போன நான் ‘அட்டெண்டர்’. விசாவிலும் அப்படித்தான்: நோயாளிக்கு மருத்துவ விசா, கூடப் போகிறவருக்குத் துணையாளர் விசா.

வேகத்தில் அவர்களை மிஞ்ச ஏலாது. இரத்தம், சிறுநீர், ஈசீஜீ, எக்ஸ்ரே எல்லாம் ஒரே பகலில் முடிந்தன. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைப் பார்த்தார்கள். பல்லில் சீழ் இருந்தால் அந்தக் கிருமி புது மூட்டில் போய்க் குந்திவிடும் என்று வாயையும் திறந்து பார்த்தார்கள். சத்திரசிகிச்சைக்கு முதல் நாளே வாக்கரைக் கையில் கொடுத்து நடை பழக்கியது எனக்கு மெத்தப் பிடித்தது. இங்கே இலங்கையில் என்றால் கிளினிக்கில் திகதி வாங்கிக் காத்திருக்க வேண்டும். 2022 நெருக்கடியில் மருந்தில்லாமல் நாட்டில் சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போனதையும் மறைக்கத் தேவையில்லை.

ஆனால் இரத்தம் என்று வந்தபோதுதான் எங்கள் நாட்டின் அருமை விளங்கியது. “ரெண்டு டோனர் ரெடி பண்ணிடுங்க” என்று ஒரு தாளை நீட்டினார்கள். நோயாளிக்கு ஏற்றும் இரத்தத்துக்கு ஈடாக உறவினர் கொடுக்க வேண்டுமாம். அந்த ஊரில் எங்களுக்கு யார் உறவு? நாங்கள் தங்கிய விடுதியின் முகாமையாளர் தன் தம்பியையும் அவனுடைய கூட்டாளியையும் அனுப்பினார். பிரியாணி வாங்கிக் கொடுத்தும் தொடாமல் போனார்கள். அந்தப் பிள்ளைகள் நல்லாயிருக்கட்டும்; தமிழ்நாட்டில் தானாக இரத்தம் கொடுப்பவர்கள் நிறையப் பேர் என்பதும் தெரியும். என்றாலும் இலங்கை 2014இலேயே முழுக்க முழுக்கத் தன்னார்வக் கொடைக்கு வந்துவிட்டது. நோயாளியின் ஆட்களைப் பிடித்து இங்கே யாரும் ஆள் தேடச் சொல்வதில்லை. கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் முகாம் வைத்து, முகம் தெரியாத ஒருவருக்காகக் கையை நீட்டுகிறோம்.

இங்கே அரச வைத்தியசாலையில் கட்டில் இலவசம். மூட்டுக்குப் பணம் தேவைப்பட்டால் ஜனாதிபதி நிதியத்துக்குப் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டு ஏழைகளுக்கும் அரசு மருத்துவமனையும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் உண்டு, ஆனால் அங்கே நாங்கள் வெளிநாட்டுக்காரர். இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நன்றி கெட்டதாகும்: இன்று நாங்கள் 1990 என்ற இலக்கத்தில் கூப்பிடும் அம்புலன்ஸ், 2016இல் இந்திய நன்கொடையில் தொடங்கியது.

ஒரு வார்டையும் ஒரு கன்டீனையும் கண்டுவிட்டு இந்தியாவை எழுதப் போகிறாயா என்று அக்கா சிரிக்கிறா. அவவுக்கு சத்திரசிகிச்சை செய்த சென்னை டொக்டரில் பக்தி.

வீட்டு ஆயத்தம்தான் எங்களிடம் சிறப்பு. புது மூட்டுக்காரர் தாழ்வாக இருக்கக்கூடாது, குந்தக்கூடாது, காலுக்கு மேல் கால் போடக்கூடாது. நாங்கள் புறப்பட முன்பே உட்துறைமுக வீதித் தச்சர் வந்து, அக்காவின் முழங்கால் உயரத்தை நூலால் அளந்து, கதிரையின் நாலு காலுக்கும் முதிரைக் கட்டை அடித்தார். கூலி கேட்டதற்கு, “நடந்து வந்து தரட்டும்” என்றார்.

போகிறவர்களுக்கு இரண்டு சொல். பல்லையும் சிறுநீரையும் இங்கேயே பார்த்துவிட்டுப் போங்கள். வரும்போது, பொருத்திய மூட்டின் பெயரும் இலக்கமும் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி வாருங்கள். ஏஎஸ்ஆர் என்ற உலோக மூட்டை 2010இல் அதன் நிறுவனமே உலகெங்கும் திரும்பப் பெற்றது. தனக்குள் இருப்பது எது என்று தெரிந்தவர்தான் கேள்வி கேட்க முடிந்தது.

அக்காவின் பிசியோதெரபி இப்போது திருகோணமலை ஆஸ்பத்திரியில் நடக்கிறது. ஒரு சதமும் செலவில்லை.