கடக்காத ஆறு

போரைப் பற்றிய எழுத்து என்றதும் நம்மிடையே முதலில் கேட்கப்படுவது, ஆசிரியர் எந்தப் பக்கம் என்பது. ஐஸக் பேபலின் 'செங்குதிரைப்படை' (1926) இதற்கு ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்கிறது. அவர் செம்படையின் பக்கம். அதன் பத்திரிகைக்காக, யூதர் என்பதை மறைத்து, லியூத்தோவ் என்ற ரஷ்யப் பெயரில் கூடவே போனவர். பதில் கிடைத்த பிறகும் புத்தகம் மிச்சமிருக்கிறது என்பதுதான் சங்கடம்.

1920 மே மாதம் போலந்துப் படை கீவ் நகரைப் பிடித்தது. ஜூனில் புத்யோன்னியின் குதிரைப்படை போலிஷ் அணியைப் பிளந்து உள்ளே புகுந்தது, கீவ் மீட்கப்பட்டது. உள்நாட்டுப் போரின் நடுவே இழந்த நிலத்தை மீட்கப் புறப்பட்ட படை, ஜூலையில் பழைய எல்லையையும் தாண்டி கலீஸியாவுக்குள் போயிற்று. ஆகஸ்டில் வார்சாவுக்கருகே செம்படை தோற்றது.

முதல் கதை, நோவோகிராத்-வோலின்ஸ்க் பிடிபட்டது என்ற அறிக்கையோடு ஆரம்பமாகிறது. தலைப்பு, ஸ்ப்ரூச் ஆற்றைக் கடப்பதைப் பற்றியது. ஆனால் அந்த ஊர் இருப்பது ஸ்லூச் நதிக்கரையில். ஸ்ப்ரூச், தென்மேற்கே வெகுதூரத்தில், ரஷ்ய, ஆஸ்திரிய சாம்ராஜ்யங்களுக்கு எல்லையாக ஓடிய ஆறு. வரைபடத்தைக் காட்டி இதைப் பிழை என்று ஒதுக்கலாம். கதைக்குள் இதன் விளைவு வேறு: ஊரை மீட்ட அன்றே எல்லையும் தாண்டியாகிவிட்டது. மீட்பு எந்த இடத்தில் ஆக்கிரமிப்பாக மாறியது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் ஒரே ஆற்றில் கலந்துவிட்டன.

அன்றிரவு கதைசொல்லி தங்கும் யூத வீட்டில், பக்கத்தில் போர்த்திப் படுத்திருப்பவர் பிணம் என்பது பிறகுதான் தெரிகிறது. போலிஷ்காரர்கள் கழுத்தைக் கிழித்த கிழவர். கர்ப்பிணியான மகள் பார்க்காதபடி முற்றத்தில் வைத்துக் கொல்லுங்கள் என்று மன்றாடியவர். பிரசாரகனுக்கு இது போதும். எதிரியின் கொடூரம் நிரூபணமாகிவிட்டது. பேபல் நிறுத்தவில்லை. 'பெரெஸ்டெச்கோ' கதையில் இன்னொரு யூதக் கிழவரின் கழுத்தை அறுப்பவன் செம்படை வீரன் குத்ரியா. அன்று மாலை அதே ஊரில் கூட்டம். அதிகாரம் இனி மக்களுடையது என்று பிரசங்கம். இரண்டு கழுத்துகளுக்கும் இடையே படை முன்னேறியிருக்கிறது என்பது மட்டுமே வித்தியாசம்.

புத்யோன்னி 1924இல் இதை அவதூறு என்றார். கஸாக்குகளை பேபல் உள்ளிருந்து அழகுபடுத்தியிருக்கிறார் என்று கார்க்கி பிற்பாடு வாதாடினார். இருவரும் வீரனின் சித்திரத்துக்காகச் சண்டையிட்டார்கள். அந்த வீடுகளைப் பற்றி இருவருக்கும் அக்கறை இல்லை.

எனினும் கார்க்கி சொன்ன அழகு என்னை உறுத்துகிறது. குத்ரியா தன்மேல் ரத்தம் தெறிக்காதபடி கவனமாக அறுக்கிறான். அதைச் சொல்லும் பேபலின் வாக்கியமும் அதே கவனத்தோடு, தன்மேல் எதுவும் படாமல் விலகி நிற்கிறது. அதை ரசித்துத்தான் நான் திரும்பப் படித்தேன். ஆசிரியர் எந்தப் பக்கம் என்று கேட்பது சுலபம். அந்த ரசனை எந்தப் பக்கம் என்பதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை.