ஓரம் ஏறிய வளையங்கள்

எம்.ஆர்.ஐ. எடுத்து வந்தவர்கள் அந்தக் கடகடச் சத்தத்தைத்தான் சொல்வார்கள். வயிற்றின்மேல் போர்த்திய, சற்றே கனத்த விரிப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதன்மேல்தான் கண். உள்ளே வரிசையாகச் செம்பு வளையங்கள். உடம்பு திருப்பித் தரும் மெல்லிய ரேடியோ அலையை வாங்குபவை அவைதான். புனேக்கு வடக்கே கோடாடில் ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கியின் 30 கிண்ணங்களும் ரேடியோ அலைக்குத்தான் காத்திருக்கின்றன. ஆனால் அவற்றுக்குத் தள்ளித் தள்ளி நிற்க வயல்வெளி உண்டு. இந்த வளையங்களுக்கோ உடம்பளவுதான் இடம். நெருங்கினால் ஒன்று கேட்டது அடுத்ததிலும் ஒலிக்கும். இரைச்சலும் சேர்ந்து கலங்கும்.

விலக்கி வைப்பார்கள் என்றுதானே நினைப்போம்? ஒன்றின் ஓரத்தை மற்றதன்மேல் ஏற்றிவிடுகிறார்கள்! சரியான அளவு ஏறினால், மேல்படிந்த பகுதியில் ஒரு திசையிலும் மிச்சப் பகுதியில் எதிர்த்திசையிலும் பாயும் காந்தப்புலம் ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது. வட்ட வளையமென்றால் மையங்களுக்கு இடையே விட்டத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தூரம். கணக்கு அவ்வளவுதான், மிச்சம் விரல் வேலை. சோதனை மேசையில் அளவுகருவியின் திரையில் முதலில் இரண்டு பள்ளங்கள் தெரியும். வளையத்தை மெல்லத் தள்ளத் தள்ள அவை நெருங்கி, ஒரே ஆழமான பள்ளமாகக் கூடும். சவாய் கந்தர்வ இசை விழா மேடையில் தம்பூராவின் ஜீவா நூலை இம்மியளவு நகர்த்தும் விரல்களின் பொறுமை இது. ஒன்றுவிட்ட வளையத்துக்கு இந்த உத்தி எட்டாது; அங்கே, வளையம் வாங்கிய அலையை முதலில் பெருக்கும் முன்பெருக்கி, வளையத்தில் ஓடும் மின்னோட்டத்தை அடக்கி உதவுகிறது. 1990-இல் ரோமர் என்ற ஆய்வாளரின் குழுவினர் விவரித்த இந்த ஏற்பாடு இன்றும் வழக்கில் இருக்கிறது.